பையன் வயிற்றில் இருந்த கிருமி பால்காரரின் மாட்டிலிருந்து வந்ததா?

அல்சூர்வாசி:
பெங்களூரில் எங்கள் தெருமுனையில் ஒருவர் நான்கு மாடு வைத்துக் கறக்கிறார். ஒன்பது வருடமாக அவரிடம்தான் பால். போன வாரம் ஊரிலிருந்து வந்த என் மாமியார், கறந்த சூட்டோடு ஒரு தம்ளர் நுரைப்பாலை என் ஆறு வயது மகனுக்குக் கொடுத்துவிட்டார். மூன்றாம் நாள் வயிற்றுப்போக்கு. இப்போது தேறிவிட்டான். ஆனால் மலப் பரிசோதனையில் 'ஈ. கோலை' என்ற பாக்டீரியா இருப்பதாக வந்திருக்கிறது. பால்காரரை நிறுத்தச் சொல்கிறார்கள். மாமியார் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. இந்த ஒரு சொல்லை வைத்து மாட்டின்மேல் பழி போட முடியுமா?

ஆய்வகத்தில் இருந்தவன்:
முடியாது அம்மா. இருபத்தாறு வருடம் கிருமி ஆய்வகத்தில் வேலை பார்த்தேன். 'அல்சூர்க்காரர்' என்று மட்டும் சொன்னால் ஆளைக் கண்டுபிடிக்க முடியுமா? ஈ. கோலையும் அப்படித்தான். உங்கள் குடலிலும் என் குடலிலும் இந்த நிமிடம் இருக்கிறது, பெரும்பாலும் சாது. ஆய்வகங்களில் வளர்க்கும் கே-12 என்ற சாதுவின் மரபணுத் தொகுதி சுமார் 46 லட்சம் டிஎன்ஏ எழுத்து. 1982இல் அமெரிக்காவில் மாட்டிறைச்சி சாப்பிட்டவர்களிடம் இனங்காணப்பட்ட ஓ157:எச்7 என்ற கொடிய வகைக்குச் சுமார் 55 லட்சம். அந்தக் கூடுதலில்தான் ஷிகா நச்சுக்கான மரபணு இருக்கிறது. பாக்டீரியாவைத் தொற்றும் ஒரு வைரஸ் கொண்டுவந்து செருகியது. குழந்தைகளின் சிறுநீரகத்தையே கெடுத்துவிடும் நச்சு அது. மாட்டின் ரத்தக் குழாயிலோ அது ஒட்ட இடமில்லை. அதனால் கிருமியைச் சுமக்கும் மாடு நிம்மதியாக அசைபோட்டுக்கொண்டு நிற்கும்.

ஒரே மாட்டின் சாணத்திலேயே பல வகை இருக்கும். மாடு, பால், குழந்தை மூன்றிலிருந்தும் எடுத்து ஒப்பிட்டால்தான் உறவு தெரியும். 1993இல் அமெரிக்காவில் வேகாத மாட்டிறைச்சியால் 700 பேருக்கு மேல் நோயுற்று நான்கு குழந்தைகள் இறந்தபோது, கிருமியின் டிஎன்ஏவை வெட்டிப் பிரித்தால் தெரியும் பட்டைகளை ஒப்பிட்டுத்தான் இறைச்சிக் கிருமியும் நோயாளிகளின் கிருமியும் ஒன்றே என்று உறுதிசெய்தார்கள்.

அறிக்கையில் வகை போட்டிருக்கிறதா, பாருங்கள். மலத்தில் ரத்தம், சிறுநீர் குறைவு, முகம் வெளிறல் எது தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். வீட்டில் கிடக்கும் ஆன்டிபயாடிக்கைக் கொடுக்காதீர்கள். ஓ157 போன்ற நச்சு வகையாக இருந்தால், அந்த மருந்து கிருமியை நச்சைக் கூடுதலாக வெளிவிடச் செய்யலாம்.

மாட்டுக்காரர் மகள்:
அக்கா, ஸ்ரீராமபுரத்தில் என் அப்பாவும் மாடு வைத்திருந்தார். ஒரே ஈரத்துணியால் ஆறு மடியையும் துடைப்பார். தொடையில் காய்ந்த சாணம், மாடு வாலை வீசும்போது பொடியாகிப் பாத்திரத்தில் விழும். பால் பெரும்பாலும் கெடுவது மடிக்குள் அல்ல, அங்கேதான். பால்காரரை நிறுத்துவதற்கு முன் அவர் கறப்பதை ஒருமுறை பாருங்கள். பாலைப் பொங்கவிட்டுக் காய்ச்சாமல் யாருக்கும் கொடுக்காதீர்கள்.

அல்சூர்வாசி:
வகை எதுவும் போடவில்லை ஐயா. மருத்துவரிடம் கேட்கிறேன். உங்கள் பதிலை மாமியாருக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டினேன். நாளை விடியற்காலை கறக்கிற நேரத்தில் நாங்கள் இருவருமே போய் அந்தத் துணியைப் பார்க்கிறோம்.