தொடாமலே பாடும் சுரப் பலகை: திருகோணமலையிலிருந்து ஓர் உதவி

உப்புவெளி ரீச்சர்:
ஞாயிறுகளில் சின்னப் பிள்ளைகளுக்குச் சங்கீதம் சொல்லிக் கொடுக்கிறேன். காட்போட் மட்டையில் அலுமினியத் தாள் ஒட்டி, தொட்டால் பாடும் சுரப் பலகை செய்தேன். தொடுகையைக் கீபோர்ட் விசை அழுத்தமாக லப்டொப்புக்கு அனுப்பும் மேக்கி மேக்கி என்ற சின்னச் சர்க்கிட் பலகையும், சுரத்தை ஒலிக்க வைக்க லப்டொப்பில் ஸ்கிராட்ச் என்ற பிள்ளைகளுக்கான புரோகிராமிங் மென்பொருளும். ச ரி க ம நான்கு அம்புக்குறிகளுக்கு, ப ஸ்பேஸுக்கு, த நி பின்பக்க வயர்களுக்கு. மட்டையின் கீழ் விளிம்பு நெடுக எர்த் பட்டி: ஒரு கை அதில், மறு கை சுரத்தில் வைத்தால் உடல் வழியே மின்சுற்று முழுமையாகும்.

வீட்டில் அருமையாக வேலை செய்தது. டச் பே பக்கம் ஒரு மண்டபத்துக்குக் கொண்டுபோனால், ஒருவரும் தொடாமலே ப-வும் த-வும் கத்துகின்றன. தொட்ட சுரமோ பிந்தித்தான் கேட்கிறது. பிள்ளைகள் சத்தம் வரவில்லையென்று ஓங்கிக் குத்தி, தாளும் கிழிந்துவிட்டது.

பதில் 1:
சார்ஜரைக் கழற்றிப் பார்த்தீர்களா?

உப்புவெளி ரீச்சர்:
பற்றரியில்தான் ஓடியது. புளூடூத் ஸ்பீக்கர்.

பதில் 2:
பிந்துவது ஸ்பீக்கரால். புளூடூத்தில் 100 மில்லி செக்கனுக்கு மேல் தாமதம் சாதாரணம். பாட்டுக் கேட்க அது போதும், வாத்தியத்துக்குச் சரிவராது. வயர் போட்டுக் கொடுங்கள், குத்து தானாக நிற்கும்.

கத்துவதற்கு மட்டையைத்தான் சந்தேகிக்கிறேன். மேக்கி மேக்கியில் ஒவ்வொரு உள்ளீட்டுக்கும் 22 மெகா ஓம் தடை இருக்கிறது. அதனால்தான் விரல் வழியே போகும் துளி மின்னோட்டமே போதுமாகிறது. ஆனால் உப்புக் காற்றில் ஈரம் குடித்த காட்போட்டும் விரல் மாதிரித்தான் கடத்தும். எர்த் கிளிப்பை மட்டும் கழற்றுங்கள். சத்தம் நின்றால் கசிவு மட்டையில்தான். (ஊர்ப் பெயரிலேயே உப்பு இருக்கிறதே ரீச்சர்!)

உப்புவெளி ரீச்சர்:
கழற்றியதும் கப்சிப்! அப்ப மட்டையை வெயிலில் காயவைத்தால் போதுமா?

பதில் 2:
காய்ந்தாலும் பின்னேரம் திரும்ப ஈரம் குடிக்கும். எர்த்தை மட்டையிலிருந்தே பிரித்துவிடுங்கள். வெறும் பால்மா ரின்னில் வயரை மாட்டிக் கையில் கொடுங்கள். சுரங்களை ஐஸ்கிரீம் பெட்டி மூடிகளில் தனித்தனியாக ஒட்டுங்கள், மூடிக்கு ஒரு சுரம். சின்னக் கைக்கு உள்ளங்கை அளவாவது வேண்டும்.

பதில் 3:
ஒன்று விட்டுப்போச்சு. விரலை எடுக்காமல் வைத்திருந்தால் ஸ்கிராட்ச் அதே சுரத்தைத் திரும்பத் திரும்ப அடிக்கும். சுரத்துக்குப் பிறகு, அந்த விசை விடுபடும்வரை காத்திருக்கும் கட்டளையைச் சேருங்கள்.

உப்புவெளி ரீச்சர்:
இன்றைக்கு ஏழும் ஒழுங்காகப் பாடின. இப்போது ரின்னை யார் பிடிப்பதென்றுதான் சண்டை.

பதில் 2:
ஒருவர் ரின்னைப் பிடிக்கட்டும், மற்றவர்கள் கைகோத்து நிற்கட்டும். கடைசிப் பிள்ளை தொட்டாலும் சுரம் வரும்.