முடக்குவாதத்தோடு எடைப் பயிற்சி செய்கிறவர்கள் இங்கே யார் யார்?

திருச்சிக்காரி
எனக்கு முடக்குவாதம் (மூட்டுகள் வீங்கி வலிக்கும் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்) என்று தெரிந்ததும் வீட்டில் குடத்தைக்கூடத் தொடவிடவில்லை. "பேசாமல் படு" என்பதுதான் எல்லோருடைய வைத்தியமும். மாத்திரையில் வீக்கம் அடங்கியது, தொடை இளைத்துவிட்டது. கை ஊன்றாமல் நாற்காலியை விட்டு எழ முடியாது, அந்தக் கையோ வலிக்கிற கை! டாக்டரிடம் கேட்டேன். இந்த நோயின் அழற்சியே தசையைக் கரைக்கும், ஸ்டீராய்டும் தன் பங்குக்குக் கரைக்கும், படுத்தே கிடந்தால் மிச்சமும் போய்விடும் என்று சொல்லி பிசியோதெரபிக்கு அனுப்பினார்.

பிசியோ பெண் முதல் வேலையாக டம்பெல்லை ஓரம் கட்டினார். இறுக்கிப் பிடிக்கிற வேலை விரலுக்கு வேண்டாமாம். மணல் வைத்துத் தைத்த பட்டையை மணிக்கட்டில் கட்டிவிட்டார். ரப்பர் பட்டையையும் விரலில் சுற்றாமல் முன்கையில் வளையமாக மாட்டினார். தோளும் முழங்கையும் உழைக்கும், விரல் சும்மா இருக்கும். என் பட்டைகளில் மஞ்சள்தான் லேசு, அப்புறம் சிவப்பு, பச்சை, நீலம். பச்சைக்கு வந்த அன்று வீட்டில் கேசரி கிண்டினேன், கிண்டியதும் நானேதான்!

காலை விறைப்பு விட்ட பிறகுதான் செய்வேன். செய்து முடித்து 2 மணி நேரம் தாண்டியும் கூடுதல் வலி நின்றால், அடுத்த முறை எடையைக் குறைக்க வேண்டும் என்பது அவர் கொடுத்த கணக்கு.

ஈரோடு தம்பி
அக்கா, எனக்கு விரல்தான் தொல்லையே. ஊறுகாய் பாட்டில் மூடி திறக்காது. களிமண் மாதிரிப் பிசைகிற ஓர் உருண்டையைக் கொடுத்து நசுக்கச் சொன்னார்கள். பயமாக இருந்தது. இங்கிலாந்தில் 490 பேரிடம் நடத்திய கைப்பயிற்சி ஆய்வு 2015இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்ததைச் சொல்லித்தான் டாக்டர் தைரியம் கொடுத்தார். மருந்தோடு பயிற்சியும் செய்தவர்களுக்கு ஓராண்டு கழித்துக் கை நன்றாகவே வேலை செய்ததாம். மூடி இப்போது திறக்கிறது, புது பாட்டில் மட்டும் அம்மாவிடம் போகும்.

நெல்லை
கழுத்து வலி இருக்கிறவர்கள் எக்ஸ்ரே பார்க்காமல் தோளில் எடைக் கம்பியை வைக்காதீர்கள். இந்த நோயில் கழுத்தின் மேல் இரண்டு எலும்புகள் நழுவலாம். ஜிம் பையனுக்கு அது தெரிந்திருக்காது, "வலிச்சாத்தான் சார் ஏறும்" என்பான்.

திருச்சிக்காரி
ஆமாம். வீங்கிச் சூடாக இருக்கிற மூட்டுக்கும் அன்று எடை கிடையாது, அசைக்காமல் தசையை இறுக்கி விடுவதோடு சரி. இந்த நோய்க்கான மெத்தோட்ரெக்சேட் மருந்து போட்ட மறுநாள் எனக்கு ஒரே சோர்வு, அன்றும் பட்டையை எடுப்பதில்லை. உங்களுக்கெல்லாம் எப்படி?