பயனர் அனுமதிகளை ஒரே எண்ணில் பிட்களாக வைப்பது எதுவரை சரி?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். பல கிளைகள் கொண்ட ஒரு நூலக அமைப்புக்காக ஜாவாஸ்கிரிப்ட்டைச் சர்வரில் இயக்கும் நோட் ஜேஎஸ், தரவுத்தளமான மைஎஸ்கியூஎல் ஆகியவற்றைக் கொண்டு எழுதிய வலைச் செயலியைப் பராமரித்து வருகிறேன். அதில் ஒவ்வொரு பணியாளருக்கும் உள்ள அனுமதிகள் பயனர் அட்டவணையில் ஒரே ஒரு முழு எண்ணாகப் பதிவாகின்றன. அந்த எண்ணின் இரும வடிவில் உள்ள ஒவ்வோர் இடமும் (பிட்) ஓர் அனுமதி; 1 என்றால் உண்டு, 0 என்றால் இல்லை. பட்டியலைப் பார்க்க 1, நூல் சேர்க்க 2, விவரம் திருத்த 4, நூலை நீக்க 8, இரவல் வழங்க 16, தாமதக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்ய 32, பயனர்களை நிர்வகிக்க 64 என ஏழு அனுமதிகள் உள்ளன.

சென்ற வாரம் இரவல் பிரிவில் பணிபுரியும் ஒருவருக்குத் தள்ளுபடி அனுமதியைப் புதிதாக வழங்கினோம். அவரால் தள்ளுபடி செய்ய முடியவில்லை என்று புகார் வந்தது. போய்ப் பார்த்தபோது, அவருடைய திரையில் பயனர் நிர்வாகப் பட்டியே திறந்து கிடந்தது. தரவுத்தளத்தில் அவருடைய எண் 81 என்று இருந்தது. அனுமதி வழங்கும் வரியில் பழைய எண்ணுடன் புதிய அனுமதியின் எண்ணைக் கூட்டல் குறியால் சேர்த்திருக்கிறேன். நீக்கும் வரியில் கழித்தல் குறி உள்ளது.

இந்த முறையே தவறு, ஒவ்வோர் அனுமதிக்கும் தனி வரிசை கொண்ட இணைப்பு அட்டவணைக்கு மாறிவிட வேண்டும் என்று என்னுடன் பணிபுரிபவர் சொல்கிறார். அடுத்த ஆண்டு அனுமதிகள் 40 வரை பெருகக்கூடும். ஒருவருக்கு ஒரு கிளையில் மட்டும் ஓர் அனுமதி என்ற தேவையும் வரப்போகிறது. இந்த நிலையில் பிட் முறையைத் தொடரலாமா?

மறுமொழி 1

நண்பரே, 81 எப்படி வந்தது என்பதை முதலில் பார்த்துவிடுவோம். அந்தப் பணியாளரிடம் 1, 16 ஆகிய இரண்டும் இருந்ததால் அவருடைய எண் 17. தள்ளுபடியைச் சேர்த்தபோது 49 ஆகியிருக்கும். அதுவரை எல்லாம் சரி. யாரோ சேமிக்கும் பொத்தானை மறுபடி அழுத்தியதால் அதே 32 இரண்டாம் முறையும் கூடி 81 ஆகிவிட்டது. 81 என்பது 64, 16, 1 ஆகியவற்றின் கூட்டுத்தொகை. இரண்டு 32கள் சேர்ந்தால் இரும எண்ணில் அது அடுத்த இடத்துக்கு ஏறிவிடும் என்பதால், வழங்கிய அனுமதி மறைந்து, வழங்காத அனுமதி முளைத்திருக்கிறது.

கூட்டலுக்குப் பதிலாக, ஏதேனும் ஒரு பக்கம் 1 உள்ள பிட்டை 1 ஆக்கும் '|' குறியைப் பயன்படுத்தியிருந்தால், 49 | 32 எத்தனை முறை ஓடினாலும் 49 ஆகவே இருக்கும். நீக்குவதற்கு '&', '~' இரண்டும் சேர வேண்டும் (முன்னது இரு பக்கமும் 1 உள்ள பிட்டை மட்டும் 1 ஆக விடும், பின்னது எல்லாப் பிட்களையும் திருப்பும்): 49 & ~32 என்றால் 17 கிடைக்கும், 17 & ~32 என்றாலும் 17தான். உங்கள் கழித்தல் வரி கூட்டல் வரியை விட ஆபத்தானது. தள்ளுபடி அனுமதி இல்லாத ஒருவரிடமிருந்து அதை நீக்க முயன்றால் 17 − 32 = −15 ஆகும். எதிர்ம எண்களில் மேல் பிட்கள் எல்லாம் 1 ஆக இருப்பதால், அந்த −15இல் தள்ளுபடி பிட்டும் உண்டு, பயனர் நிர்வாகப் பிட்டும் உண்டு. அனுமதியைப் பறிக்கப் போய் நிர்வாகியாக்கிவிடுவீர்கள். '^' குறியால் நீக்குபவர்களும் இருக்கிறார்கள். அது பிட்டைத் திருப்பிப் போடுமே தவிர அணைக்காது என்பதால், இல்லாத அனுமதியை அதுவும் வழங்கிவிடும். அந்த நெடுவரிசையை எதிர்ம எண்களை ஏற்காத வகைக்கு மாற்றிவிடுங்கள்.

சரிபார்க்கும் இடங்களையும் ஒருமுறை தேடிப் பாருங்கள். ஜாவாஸ்கிரிப்ட்டில் இரு பக்கமும் சமமா என்று பார்க்கும் '===' குறிக்கு '&' குறியை விட முன்னுரிமை அதிகம். 'அனுமதி & நீக்கு === நீக்கு' என்று அடைப்புக்குறி இல்லாமல் எழுதினால், பின்பாதி முதலில் கணக்கிடப்பட்டு மெய் என்றாகி, அந்த மெய் 1 ஆக மாறி, கடைசியில் 'அனுமதி & 1' மட்டுமே மிஞ்சும். உங்கள் அமைப்பில் 1 என்பது பார்க்கும் அனுமதி. ஆகவே பார்க்க முடிந்த அனைவராலும் நூலை நீக்கவும் முடியும், எந்தப் பிழைச் செய்தியும் வராது. சி மொழியிலிருந்து வந்த வழக்கம் இது. அதன் முன்னோடியான பி மொழியில் '&&' இல்லாத காலத்தில் '&' குறியே பிட் கணக்கு, 'இதுவும் அதுவும்' என்ற நிபந்தனை ஆகிய இரு வேலையையும் செய்தது என்பதும், அதன் முன்னுரிமையைப் பின்னர் மாற்றாமலே விட்டுவிட்டார்கள் என்பதும் சி மொழியை உருவாக்கிய டென்னிஸ் ரிச்சி பதிவு செய்த வரலாறு. மைஎஸ்கியூஎல்லில் முன்னுரிமை நேர்மாறாக இருப்பதால் அங்கே அதே கோவை, '===' இடத்தில் '=' இட்டால், சரியாக வேலை செய்யும். வினவலில் சோதித்துப் பார்த்துவிட்டு நிரலில் அப்படியே எழுதுபவர்கள் ஏமாறுவது இதனால்தான். எங்கும் '(அனுமதி & நீக்கு) === நீக்கு' என்றே எழுதுங்கள்; அதையும் ஒரே ஒரு செயற்கூற்றில் வைத்து, மற்ற இடங்களிலிருந்து அதை மட்டும் அழையுங்கள்.

மறுமொழி 2

மேலே உள்ள விளக்கம் முழுவதும் சரி. இனி 40 அனுமதிகள் என்ற எதிர்காலத்தைப் பற்றிச் சொல்கிறேன். ஜாவாஸ்கிரிப்ட்டின் பிட் குறிகள் எந்த எண்ணையும் முதலில் குறியுடைய 32 பிட் எண்ணாக மாற்றிக்கொள்கின்றன. எனவே 1ஐ 31 இடம் இடப்பக்கம் நகர்த்தும் 1 << 31 என்பது −2147483648 ஆகிறது. 1 << 32 என்பதோ சுற்றி வந்து மீண்டும் 1 ஆகிவிடுகிறது. அதாவது 33ஆவது அனுமதியைச் சேர்க்கும் நாளில் அது பார்க்கும் அனுமதியாகவே அமைந்து, எல்லாரிடமும் இருப்பதாகக் காட்டும். சிக்கலின்றிப் பயன்படுத்தக்கூடியவை 31 பிட்கள் மட்டுமே.

மொழியின் 2020ஆம் ஆண்டுப் பதிப்பில் வந்த பிக்இன்ட் வகை இந்த எல்லையை நீக்குகிறது. ஆனால் அதைத் தரவைப் பரிமாறும் உரை வடிவமான ஜேசானாக மாற்ற முயன்றால் பிழை வரும் என்பதால், சரமாக (எழுத்துத் தொடராக) மாற்றித்தான் உலாவிக்கு அனுப்ப வேண்டும். அரட்டைச் செயலியான டிஸ்கார்ட் தன் அனுமதி எண்களை ஏபிஐயில் (பிற நிரல்கள் அதை அணுகும் வழியில்) சரங்களாகவே தருகிறது. லினக்ஸ் இயங்குதளத்தின் கருவான கர்னலும் இதே சுவரில் முட்டியதுதான்: அதன் கேப்பபிலிட்டி (நிர்வாக அதிகாரத்தைப் பகுதிகளாகப் பிரித்த அனுமதி) தொகுப்புகள் 32 பிட்டில் தொடங்கி 2.6.25 பதிப்பில் 64 பிட்டாக விரிந்தன. இன்று அந்த அனுமதிகள் 40ஐத் தாண்டிவிட்டன.

இன்னொன்றையும் வலியுறுத்த விரும்புகிறேன். ஓர் அனுமதியைக் கைவிட்டால் அதன் இடத்தை வேறொன்றுக்கு ஒருபோதும் கொடுக்காதீர்கள், ஏனெனில் பழைய பிட் பலருடைய எண்ணில் இன்னும் எரிந்துகொண்டிருக்கும்.

மறுமொழி 3

பிழை குறியில்தான் இருந்தது, முறையில் இல்லை என்ற முடிவுக்கு எளிதாக வந்துவிடக் கூடாது என்று கருதுகிறேன். யூனிக்ஸ் இயங்குதளத்தில் கோப்பு அனுமதிகளைக் குறிக்கும் 755 போன்ற எண்கள் இத்தனை ஆண்டுகள் நிலைத்திருப்பதற்குக் காரணம், படித்தல், எழுதுதல், இயக்குதல் என்ற மூன்று கேள்விகளும் மாறவே இல்லை என்பதுதான். உங்கள் கேள்விகள் ஆண்டுக்கு ஆண்டு பெருகுகின்றன. மேலும், தாமதக் கட்டணத் தள்ளுபடி என்பது பணத்தைத் தொடும் அனுமதி. அதை யார், எந்தத் தேதியில், யாருடைய ஆணையின்படி வழங்கினார் என்று தணிக்கையாளர் கேட்டால், 49 என்ற எண்ணால் என்ன பதில் சொல்ல முடியும்? தனி வரிசையாக இருந்தால் வழங்கியவரும் தேதியும் அதே வரிசையில் இருக்கும். தள்ளுபடி அனுமதி யாரிடமெல்லாம் உள்ளது என்ற தேடலுக்கும் சாதாரணக் குறியீட்டு அட்டவணை (இன்டெக்ஸ்) பயன்படும்; பிட் கோவையில் அது பயன்படாது, முழு அட்டவணையையும் படிக்க நேரிடும். சில நூறு பயனர்களுக்கு இந்த வேகம் ஒரு பொருட்டல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன். பதிவு இல்லாததுதான் என் கவலை.

ஆகவே பயனர், கிளை, அனுமதி, வழங்கியவர், தேதி என்ற ஐந்து நெடுவரிசைகள் கொண்ட அட்டவணையை மூல ஆவணமாக வையுங்கள். உள்நுழையும்போது அதிலிருந்து அந்தக் கிளைக்கான பிட் எண்ணைக் கணக்கிட்டு, அமர்வு முடியும்வரை நினைவகத்தில் வைத்துக்கொள்ளலாம். அனுமதி மாறினால் அந்த எண்ணை உடனே அழித்துவிட வேண்டும். விரைவான சோதனைக்குப் பிட் மிகப் பொருத்தமானது, நிரந்தரப் பதிவுக்கு அது போதாது.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. இரு குறிகளையும் இன்று காலையே மாற்றிவிட்டேன். மூன்றாமவர் சொன்ன அட்டவணையை அமைக்கத் தொடங்கியுள்ளேன். ஏற்கெனவே கெட்டுப்போன எண்களை எப்படிக் கண்டறிவது என்பது மட்டும் புரியவில்லை. ஏழு அனுமதிகளின் கூட்டுத்தொகை 127 என்பதால், அதற்கு மேற்பட்டவையும் எதிர்ம எண்களும் உறுதியாகத் தவறு. அப்படி இரண்டு கிடைத்தன. ஆனால் 81 போன்றவை பார்வைக்கு முறையான எண்களாகவே உள்ளன.

மறுமொழி 1

எண்ணை மட்டும் பார்த்து அதைக் கண்டறிய முடியாது, நண்பரே. 81ஐ ஒருவருக்கு வேண்டுமென்றே வழங்கியிருக்கவும் கூடும். 64 பிட் உள்ளவர்களின் பட்டியலை முதலில் எடுங்கள், அது சிறியதாகவே இருக்கும். அதை அலுவலக ஆணைகளுடன் ஒவ்வொன்றாக ஒப்பிட்டு, பொருந்தாதவர்களின் அனுமதியை இன்றே நிறுத்திவையுங்கள். மற்றவர்களின் எண்களைப் பழைய காப்புப் பிரதிகளுடன் பிறகு ஒப்பிடலாம். புதிய அட்டவணைக்குப் பழைய எண்களை அப்படியே பிரித்து ஏற்றிவிடாதீர்கள். ஆணைகளைப் பார்த்தே வரிசைகளைப் பதியுங்கள்.