கென்யப் பூங்காக்களில் எதிர்ப்பட்டவை

நைரோபிவாசி:

கென்யா என்றாலே மசாய் மாராதான் எல்லோருக்கும் நினைவுக்கு வருகிறது. மாரா தேசியப் பூங்காவே அல்ல, நாரோக் கவுண்டி என்ற உள்ளாட்சி நிர்வாகம் நடத்தும் காப்பகம். நான் சொல்லப்போவது சாவோ கிழக்கு. 1948இல் அறிவித்த பூங்கா. நைரோபி-மொம்பாசா நெடுஞ்சாலையும் ரயில் பாதையும் நடுவே ஓட, அந்தப் பக்கம் சாவோ மேற்கு. இரண்டையும் கூட்டினால் 20,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் வரும்.

அங்கே யானைகள் செங்கல் நிறத்தில் இருக்கும். செம்மண்ணில் புரண்டு, அதையே வாரி மேலே போட்டுக்கொள்வதால் வரும் நிறம். மழையில் நனைந்தால் மற்ற யானைகளைப் போல்தான்.

அருபா அணைக்கட்டிலிருந்து வோயி வாசலுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். ஆறு மணிக்குள் வெளியேற வேண்டும். வளைவு திரும்பினால் பாதை முழுக்க யானை. ஒரு குட்டிக்கு எங்கள் வண்டி மேல் என்ன ஆசையோ, தும்பிக்கையை ஆட்டிக்கொண்டு நேராக வந்தது. அவ்வளவுதான், கூட்டத்தின் மூத்த பெண் யானை குறுக்கே வந்து நின்றது. ஓட்டுநர் இன்ஜினை அணைத்துவிட்டு, "ங்கோஜா" என்றார். பொறு என்று அர்த்தம்.

நம் ஊர் யானைகளில் ஆணுக்குத்தான் பெரிய தந்தம் இருக்கும். இங்கே பெண்ணுக்கும் நீளமாகவே உண்டு. அதனால் தந்தத்தைப் பார்த்ததும் கொம்பன் என்று முடிவுகட்டக் கூடாது. குட்டிகளோடு வரும் கூட்டத்துக்குத் தலைமை ஒரு கிழவிதான். எங்கே தண்ணீர் மிஞ்சும் என்பது அவளுக்குத்தான் தெரியும். 2022 வறட்சியில் பிப்ரவரி முதல் அக்டோபர் வரை மட்டும் நாடு முழுக்க 205 யானைகள் செத்ததாக அரசுக் கணக்கு. அப்படிப்பட்ட நாட்டில் அந்த நினைவு எவ்வளவு பெரிய சொத்து!

காதை விரித்துத் தலையை உலுக்கினால் பெரும்பாலும் மிரட்டல்தான், காதைப் பின்னால் ஒட்டித் தும்பிக்கையைச் சுருட்டிக்கொண்டு வந்தால்தான் ஆபத்து என்று ஓட்டுநர் காதோடு சொன்னார். எனக்கு அந்த நேரத்தில் காது எது, தும்பிக்கை எது என்றே புரியவில்லை. ஒருவழியாகக் குட்டி திரும்பியது. கூட்டம் மொத்தமும் கடந்த பிறகுதான் கிழவி நகர்ந்தாள். வாசலுக்குப் போனபோது இருட்டிவிட்டது. காவலர் கடிகாரத்தைப் பார்த்தார். எங்கள் ஓட்டுநர் "ந்டோவு" என்று ஒரே சொல் சொன்னார், யானை என்று. காவலர் சிரித்துவிட்டுக் கட்டையைத் தூக்கிவிட்டார்.

ரயில்பிரியன்:

வாசல் கட்டணம் கட்டாமலே சாவோ யானையைப் பார்த்தவன் நான். 2017இல் வந்த மொம்பாசா ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் போதும். மேட்டின் மேல் தண்டவாளம், விலங்குகள் கடக்க அடியில் வழி. பழைய பாதை போட்டபோது கதை வேறு. 1898இல் சாவோ ஆற்றுப் பாலத்தில் வேலை செய்தவர்களை இரண்டு சிங்கங்கள் இரவில் கூடாரத்திலிருந்து இழுத்துப் போயின. செத்தவர்களில் பலர் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கூலித் தொழிலாளர்கள். ஆண் சிங்கங்கள்தான், ஆனால் இரண்டுக்கும் பிடரி மயிர் இல்லை. இப்போது சிகாகோ அருங்காட்சியகத்தில் பாடம் செய்து வைத்திருக்கிறார்கள்.

சைக்கிள்காரி:

எனக்குப் பிடித்தது ஹெல்ஸ் கேட். நைவாஷா ஏரிக்குப் பக்கத்தில் இருக்கிறது, வெறும் 68 சதுர கிலோமீட்டர். வண்டிக்குள் அடைந்து கிடக்க வேண்டாம், சைக்கிளிலேயே சுற்றலாம். வரிக்குதிரைக்கு நம்மைப் பற்றிக் கவலையே இல்லை, காட்டுப்பன்றி மட்டும் வாலைக் கொடிக்கம்பம் மாதிரி தூக்கிக்கொண்டு ஓடும். இப்படியே ரசித்துக்கொண்டு போனால், புதரோரம் தனியாக ஒரு காட்டெருமைக் கிடா. கூட்டத்தைவிடத் தனிக் கிடாதான் மோசம் என்று சைக்கிள் வாடகைக்கு விட்டவர் எச்சரித்திருந்தார். சைக்கிளை விட்டு இறங்கி, உருட்டிக்கொண்டே பின்னால் வந்தோம். அது அசையவில்லை. எதிரே வேறு வண்டி வந்து எங்களுக்கும் அதற்கும் நடுவே நின்ற பிறகுதான் தாண்டினோம்.

அங்கே பயப்பட வேண்டியது விலங்குக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். 2019 செப்டம்பரில் பள்ளத்தாக்குக்குள் திடீர் வெள்ளம் வந்து ஏழு பேர் இறந்தார்கள். தலைக்கு மேல் வெயில் அடித்தாலும் மேட்டில் எங்கோ பெய்த மழை வந்து சேரும். சுற்றுலா வருபவர்கள் இதைக் கேட்டுக்கொள்வதே இல்லை, அதுதான் எனக்குக் கோபம்.

நைரோபிவாசி:

தனிக் கிடா விஷயத்தில் உங்களுக்கு அதிர்ஷ்டம்தான். போகிறவர்களுக்கு ஒன்று: தேசியப் பூங்காக்களின் கட்டணத்தை இ-சிட்டிசன் என்ற அரசு இணையதளத்தில்தான் கட்ட வேண்டும், வாசலில் ரொக்கம் வாங்க மாட்டார்கள். தண்ணீரைப் பிளாஸ்டிக் பாட்டிலில் கொண்டுபோகாதீர்கள், ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு 2020 ஜூனிலிருந்து உள்ளே தடை.