விண்டோஸ் சர்வர் 2003-ஐப் புது சர்வர் பெட்டியில் ஓட்டினவங்க சொல்லுங்க: எங்கே முட்டும், எப்படித் தாண்டுறது?

நீலத்திரை:
நேரடியா நிறுவுற எண்ணம் இருந்தா இப்பவே விட்டுருங்க. 2003-க்கு 32 பிட் ஆனாலும் 64 பிட் ஆனாலும் பழைய பயாஸ் பூட்தான் வேணும். பயாஸுக்குப் பதிலா வந்த யூஇஎஃப்ஐ மட்டும் உள்ள போர்டுல சிடி தொடங்கவே தொடங்காது. சிஎஸ்எம் (பழைய பயாஸ் மாதிரி நடிக்கிற வசதி) இருக்கிற போர்டுலயும் ஏசிபிஐ (மின்சாரம், வன்பொருள் அமைப்பை விண்டோஸுக்குச் சொல்ற தரம்) ஒத்துவராம ஸ்டாப் ஏ5-ன்னு நீலத்திரைப் பிழை வந்து நிக்கும். அதையும் தாண்டினா 7பி, அதாவது டிஸ்க் கண்ட்ரோலருக்கு டிரைவர் இல்ல. டிரைவர் கொடுக்க நிறுவும்போது எஃப்6 அழுத்தினா ஃபிளாப்பியைத்தான் கேக்கும், பென் டிரைவை ஏறெடுத்தும் பார்க்காது.

அதனால கேவிஎம்ல, அதாவது லினக்ஸுக்குள்ள மெய்நிகர் கணினி (வி.எம்.) ஓட்டுற வசதியில, ஏத்துங்க. அங்கயும் மெஷின் வகை கியூ35 வேண்டாம். அதுல டிஸ்க் ஏஹெச்சிஐ (புது சாட்டா டிஸ்க் இணைப்பு முறை) வழியா வரும், 2003-ல அதுக்கு டிரைவர் கிடையாது, திரும்ப அதே 7பி. ஐ440எஃப்எக்ஸ் மெஷின் வகை, ஐடிஇ (பழைய இணைப்பு முறை) டிஸ்க், ஆர்டிஎல்8139 நெட்வொர்க் கார்டு: இந்த மூணும் அந்தக் காலத்து சரக்கு, டிரைவர் சிடியிலயே இருக்கு. ஸ்டாண்டர்டு 32 பிட் பதிப்புக்கு 4 ஜிபி ராம் மேல கொடுக்கிறது வீண்.

ரெஜிஸ்ட்ரிக்காரன்:
புதுசா நிறுவ சிடி இருந்தால் சரி. பெரும்பாலும் கையில் இருப்பது ஓடிக்கொண்டிருக்கும் பழைய பெட்டி மட்டும்தான். அதன் டிஸ்க்கை அப்படியே இமேஜ் எடுத்து வி.எம்.மில் போட்டாலும் 7பி வரும். பழைய பெட்டியின் ரெய்டு கார்டு (பல டிஸ்க்கைச் சேர்த்து ஆளும் கார்டு) டிரைவரை மட்டுமே அந்த விண்டோஸ் அறியும், ஐடிஇ-யை அல்ல.

இமேஜ் எடுக்கும் முன்பே பழைய பெட்டியில் இதைச் செய்துவிடுங்கள். சிஸ்டம்32-க்குள் டிரைவர்ஸ் ஃபோல்டரில் ஏடாபி, இன்டெல்ஐடிஇ, பிசிஐஐடிஇ, பிசிஐஐடிஇஎக்ஸ் ஆகிய நான்கு சிஸ் கோப்புகளும் இருக்கின்றனவா பாருங்கள். இல்லாததை விண்டோஸின் டிரைவர்.கேப் என்ற சுருக்கக் கோப்பிலிருந்து எடுத்துப் போடுங்கள். ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸின் அமைப்புகள் இருக்கும் இடம்) முதல் மூன்று பெயர்களிலுள்ள சர்வீஸ்களுக்கும் ஸ்டார்ட் மதிப்பு 0 (பூட்டிலேயே ஏறும்) என்று இருக்க வேண்டும். அங்கேயே கிரிட்டிக்கல் டிவைஸ் டேட்டாபேஸில் வெண்டர் 8086, டிவைஸ் 7010 என்ற பதிவு இன்டெல்ஐடிஇ-யைக் காட்ட வேண்டும். கேவிஎம் காட்டும் ஐடிஇ கண்ட்ரோலரின் எண் அதுதான்.

இமேஜ் எடுத்த பிறகுதான் நினைவு வந்ததென்றால், சிஸ்டம் ஹைவை (ரெஜிஸ்ட்ரியின் ஒரு பகுதி இருக்கும் கோப்பு) வேறொரு விண்டோஸில் ஏற்றித் திருத்தலாம். அங்கே கரண்ட் கண்ட்ரோல் செட் (ஓடும் விண்டோஸ் பயன்படுத்தும் அமைப்புத் தொகுப்பு) என்று எதுவும் தெரியாது. செலக்ட் கீயில் கரண்ட் மதிப்பு 1 என்றால் கண்ட்ரோல்செட்001, 2 என்றால் 002. பலரும் பார்க்காமல் 001-ஐத் திருத்திவிட்டு "சொன்னபடி செய்தேன், வேலை செய்யவில்லை" என்பார்கள்.

பழையது இன்டெல், புது ஹோஸ்ட் ஏஎம்டி என்றால் ஸ்டாப் 7இ வரலாம். இன்டெல்பிபிஎம் (இன்டெல் பிராசசர் டிரைவர்) சர்வீஸின் ஸ்டார்ட் மதிப்பை 4 (முடக்கம்) ஆக்குங்கள், போய்விடும்.

கட்டளைவரி:
மேலே சொன்னதெல்லாம் முடிஞ்சு லாகின் ஆனதும் அடுத்த தலைவலி ஐபி. பழைய ஸ்டாட்டிக் ஐபியைப் போட்டா, வேற அடாப்டர் ஏற்கெனவே வச்சிருக்குன்னு சொல்லும். அந்த அடாப்டர் கண்ணுக்கே தெரியாது. கமாண்ட் விண்டோவுல செட் டெவ்எம்ஜிஆர்_ஷோ_நான்பிரசென்ட்_டிவைசஸ்=1, அதே விண்டோவுல இருந்தே டிவைஸ் மேனேஜரைத் திறந்து ஷோ ஹிடன் டிவைசஸ் கொடுங்க. மங்கலாத் தெரியுற பழைய கார்டை நீக்கினா ஐபி விடுதலை. கையோட ரெய்டு கார்டுக்கான கண்காணிப்பு மென்பொருளையும் கழட்டிருங்க. இல்லாத கார்டைத் தேடிக்கிட்டே இருக்கும்.

இந்தியாவுல நேரம் அஞ்சரை மணி நேரம் தள்ளிக் காட்டினா பயப்பட வேண்டாம். விண்டோஸ் கடிகாரத்தை உள்ளூர் நேரமாத்தான் படிக்கும், வி.எம். அமைப்புல கிளாக் ஆஃப்செட் யூடிசின்னு (உலகப் பொது நேரம்) இருக்கும். லோக்கல்டைம்னு மாத்துங்க.

நீலத்திரை:
@ரெஜிஸ்ட்ரிக்காரன் அருமை சார். ஒண்ணு சேர்க்கிறேன். 2003 பார்ட்டிஷனை 63-ஆம் செக்டார்ல தொடங்கும். ஒரு செக்டார் 512 பைட், அந்தத் தொடக்க இடத்தை 4096 பைட்டால வகுத்தா மீதி வரும். ஆக ஒவ்வொரு 4கே கிளஸ்டரும் கீழே இருக்கிற ரெண்டு பிளாக்கை மிதிச்சுக்கிட்டு உக்காரும், எழுதுற வேகம் அங்கதான் அடிபடும். ஜிபார்டெட்ல (பார்ட்டிஷன் திருத்துற லினக்ஸ் மென்பொருள்) பூட் பண்ணி 1 எம்ஐபி அலைன்மெண்ட் கொடுத்து நகர்த்திருங்க. இமேஜ் நகல் இல்லாம தொடாதீங்க.

ஷெல்வாசி:
2003 இல்லாமல், பழைய லினக்ஸை ஓட்டுபவர்களுக்கும் ஒரே ஒரு விஷயம். சென்ட்ஓஎஸ் 6 (பழைய லினக்ஸ்) கண்டெய்னரை, அதாவது ஹோஸ்டின் கர்னலையே பகிரும் பெட்டியை, புது கர்னலில் ஓட்டினால் பேஷ் (கட்டளை ஷெல்) ஒரு வார்த்தை பேசாமல் 139 என்ற பிழை எண்ணோடு வெளியேறும். பழைய ஜிலிப்சி (லினக்ஸின் அடிப்படை சி நூலகம்) கூப்பிடும் விசிஸ்கால் என்ற நினைவகப் பக்கத்தைப் பல புது கர்னல்கள் மூடி வைத்திருக்கின்றன. ஹோஸ்டின் கர்னல் வரியில் விசிஸ்கால்=எமுலேட் சேர்த்து ரீபூட் செய்தால் போதும், கண்டெய்னருக்குள் எதையும் தொட வேண்டாம்.

ரெஜிஸ்ட்ரிக்காரன்:
2003 ஓட ஆரம்பித்ததும் எல்லாரும் கேட்பது: "ஷேர் ஃபோல்டர் ஏன் திறக்கவில்லை?" 2003 பேசுவது எஸ்எம்பி1 (கோப்புப் பகிர்வு மொழியின் பழைய பதிப்பு) மட்டும். லினக்ஸில் அதே பகிர்வைத் தரும் சாம்பாவில் 4.11 முதல் இயல்பாகவே அதற்குக் கதவடைப்பு. விண்டோஸ் 10-இலும் 1709 பதிப்பு முதல் அப்படித்தான். மற்ற கணினிகளில் எஸ்எம்பி1-ஐத் திறந்துவிடுவது என் கணக்கில் தவறான வைத்தியம். 2003-க்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2015 ஜூலையோடு நின்றுவிட்டன. அதைத் தனி விலேனில் (பிரித்து வைத்த நெட்வொர்க் பகுதி) வையுங்கள். நடுவில் ஒரு சின்ன லினக்ஸ் வி.எம். இருக்கட்டும், அது 2003-இலிருந்து எஸ்எம்பி1-இல் வாங்கி மற்றவர்களுக்கு எஸ்எம்பி3-இல் கொடுக்கட்டும். டிஎல்எஸ் (வெப் குறியாக்க முறை) 1.0-க்கு மேல் தெரியாத 2003-இன் வெப் பக்கத்துக்கும் அதே லினக்ஸ் வி.எம்.மில் ஒரு ரிவர்ஸ் பிராக்ஸி (நடுவில் நின்று பக்கத்தை வாங்கிக் கொடுக்கும் மென்பொருள்) போட்டால் வேலை முடிந்தது.