நியூரோஈஸ்தெட்டிக்ஸ்: தமிழில் என்ன சொல்லலாம்?

அன்பு நண்பர்களே,
ஓவியக் கல்லூரி முதலாண்டுப் பாடநூலில் ஓர் இயலை மொழிபெயர்க்கிறேன். திங்களன்று அச்சுக்குப் போகிறது. லண்டனில் செமிர் செக்கி 1990களில் பெயரிட்டு வளர்த்த 'நியூரோஈஸ்தெட்டிக்ஸ்' துறைக்குத் தமிழ்ப்பெயர் வேண்டும். ஓவியத்தைப் பார்க்கையில் மூளைக்குள் என்ன நடக்கிறது என்பதுதான் அதன் கேள்வி. 'நரம்பழகியல்' சரிவருமா?
— ஓவிய ஆசிரியை

அம்மா,
புணர்ச்சியில் குறையில்லை, குற்றியலுகரம் முறைப்படி கெட்டிருக்கிறது. ஆனால் சங்க இலக்கியத்தில் நரம்பு என்றாலே யாழ் நரம்புதான் முன்னே வரும். தொல்காப்பியர் நூன்மரபை முடிக்கும்போது 'நரம்பின் மறை' என்பதும் இசைநூலைத்தான். அப்புறம், ஈஸ்தெட்டிக்ஸின் கிரேக்க வேருக்குப் புலனுணர்வு என்பதே பொருள், அழகு பிறகு ஒட்டியது. பார்ப்பவருக்குள் நிகழ்வதைச் சொல்ல நம்மிடம் நகை, அழுகை முதலான மெய்ப்பாடு இருக்கும்போது வேறெதற்கு? 'மூளை மெய்ப்பாட்டியல்' என்க.
— புலவர்

ஐயா,
மெய்ப்பாடு உடம்பில் வெளிப்படுவது. இத்துறை தேடுவதோ வெளியே தெரியாததை. பிரெஞ்சு ஓவியர் மோனே 1872இல் வரைந்த துறைமுகச் சூரியோதயத்தைக் கறுப்பு வெள்ளையில் நகலெடுத்துப் பாருங்கள்: செஞ்சூரியன் சாம்பல் வானத்தில் கரைந்துவிடும். நிறம் வேறு, ஒளிர்வு ஏறக்குறைய ஒன்று. இடத்தையும் அசைவையும் கணிக்கும் மூளைப்பகுதிக்கு நிறம் தெரியாது. சூரியன் எங்கே இருக்கிறது என்று அதற்குப் பிடிபடுவதில்லை. அதனால்தான் அது துடிப்பதுபோல் தோன்றுகிறது என்கிறார் ஹார்வர்டின் மார்கரெட் லிவிங்ஸ்டன். இதில் நகை ஏது, அழுகை ஏது? மாணவருக்கு 'மூளை அழகியல்' என்றால் உடனே புரியும்.
— மருத்துவர்

'மூளை அழகியலுக்கு' என் ஆதரவும். கூடவே ஒன்று. சென்னை ஸ்டான்லியில் மருத்துவம் படித்த மூளை ஆய்வாளர் வி. எஸ். ராமச்சந்திரன், சோழர் காலப் பார்வதி படிமத்தின் ஒடுங்கிய இடையையும் அகன்ற இடுப்பையும் 'பீக் ஷிஃப்ட்' கொண்டு விளக்குகிறார். பெண்ணுடலை ஆணுடலிலிருந்து பிரிக்கும் கூறுகளைச் சிற்பி மிகைப்படுத்த, மூளை இயல்பான உருவத்தைவிட அதற்கு வலுவாக எதிர்வினை காட்டுகிறதாம். அதற்குச் சொல் வேண்டாமா? 'முகட்டுப் பெயர்வு'?
— மொழிபெயர்ப்பாளர்

முகடு வேண்டாம், கூரை நினைவு வரும். 'மிகை ஈர்ப்பு' என்க.
— புலவர்

அனைவருக்கும் நன்றி. பெரும்பான்மைப்படி 'மூளை அழகியல்' போடுகிறேன். பீக் ஷிஃப்டை இப்போதைக்கு ஒலிபெயர்ப்பாகவே விடுகிறேன்.
— ஓவிய ஆசிரியை

தாமதமாக எழுதுகிறேன், ஆனாலும் உடன்பாடில்லை. 'மூளை' என்றால் கண் விடுபடுகிறதே! மோனாலிசாவின் கண்ணைப் பார்க்கையில் கூடும் சிரிப்பு, வாயை நேராகப் பார்த்தால் மங்குகிறது. இதற்கும் அதே லிவிங்ஸ்டன் தரும் விளக்கம் விழித்திரையில்தான் தொடங்குகிறது: அதன் நடுப்பகுதி நுண்கோடுகளைப் பிடிக்கிறது, ஓரம் பரந்த நிழல்களைப் பிடிக்கிறது. விழித்திரையும் நரம்புத்திசுதான். மறுபதிப்பு வந்தால் 'நரம்பழகியலை' மீண்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.
— கண் மருத்துவ மாணவி