அரை டிகிரி காஸ்டருக்கு வண்டி இழுக்குமா?

ஸ்பேனர் சித்தப்பா:
"லிஃப்ட் பண்ணிய வண்டி ஒரு பக்கம் இழுத்தால் அது காஸ்டர்தான். வேறு எதையும் பார்க்க வேண்டாம், நேராக அப்பர் ஆர்ம் மாற்றுங்கள்" என்று மலைநாடன் நேற்று நம் குழுவில் 'கோவை 2.8' என்ற பெயரில் எழுதும் தம்பிக்குப் பதில் எழுதியிருக்கிறார். படித்ததும் டீ புரையேறிவிட்டது. தெரியாதவர்களுக்கு: காஸ்டர் என்பது முன்சக்கரம் திரும்பும் அச்சு பின்னால் சாய்ந்திருக்கும் கோணம்; அப்பர் ஆர்ம் என்பது அந்தச் சக்கரத்தை மேலே பிடித்திருக்கும் கை. நல்ல அப்பர் ஆர்ம் ஒரு செட் என்ன விலை என்று தெரிந்துதான் எழுதினாரா? தம்பி டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப்பின் முன்பக்கம் ஸ்பேசர் (ஸ்பிரிங்குக்கு மேல் வைக்கும் தடித்த துண்டு) வைத்து 2 அங்குலம் தூக்கியிருக்கிறார். அதே நாளில் 265/65 டயரைக் கழற்றிவிட்டு கொஞ்சம் உயரமான 265/70 ஆர்17 ஏடி டயரும் (தார், மண் இரண்டுக்குமானது) மாட்டியிருக்கிறார். இப்போது இடப்பக்கம் இழுக்கிறது. டயரா, லிஃப்டா என்று பிரித்துப் பார்க்காமலே தீர்ப்பு எழுதியாகிவிட்டது.

லிஃப்ட் பண்ணினால் காஸ்டர் குறையும். யார் இல்லை என்றது? ஆனால் இரண்டு பக்கமும் குறையும். அப்படிக் குறைந்தால் வண்டி அலையும், வளைவு முடிந்ததும் ஸ்டியரிங் தானாகத் திரும்பி வராது. ஒரே பக்கமாக இழுக்காது. இழுப்பதற்கு இடத்துக்கும் வலத்துக்கும் வித்தியாசம் வேண்டும்.

மலைநாடன்:
வித்தியாசம் இருக்கிறது, சித்தப்பா. தம்பி போட்ட அலைன்மென்ட் ரிப்போர்ட்டை, அதாவது சக்கரக் கோணங்களை அளந்த தாளைத் திறந்து பார்த்தீர்களா, இல்லை வழக்கம்போல என் பெயரைப் பார்த்ததும் எழுத உட்கார்ந்துவிட்டீர்களா? காஸ்டர் இடப்பக்கம் 1.4 டிகிரி, வலப்பக்கம் 1.9. காஸ்டர் குறைந்த பக்கம் வண்டி இழுக்கும். வண்டியும் இடப்பக்கம்தான் இழுக்கிறது. இதற்கு மேல் என்ன சாட்சி?

ஸ்பேனர் சித்தப்பா:
அரை டிகிரி! அரை டிகிரிக்குத்தானா இவ்வளவு கூச்சல்? கம்பெனியிலிருந்து வரும் வண்டியிலேயே அந்த அளவு வித்தியாசத்தைப் பொறுத்துக்கொள்வார்கள். கையை விட்டால் உடனே பக்கத்து லேனுக்குப் போகிறது என்று தம்பி எழுதியிருக்கிறார். அது அரை டிகிரி செய்கிற வேலை இல்லை.

முன் டயர் இரண்டையும் இடம் வலம் மாற்றி மாட்டு தம்பி. இழுப்பு வலப்பக்கம் போனால் டயர். போகாவிட்டால் மற்றதைப் பார்ப்போம். ஒரு ஜாக்கி, ஒரு வீல் ஸ்பேனர், அரை மணி நேரம். செலவு இல்லை.

கோவை 2.8:
நன்றி சித்தப்பா, நன்றி மலைநாடன் அண்ணா. அலைன்மென்ட் கடையில் எல்லாம் பச்சையாக, அதாவது அளவுக்குள் இருக்கிறது, வண்டியில் குறையே இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். பொள்ளாச்சி ரோட்டிலும் இழுக்கிறது, அவிநாசி ரோட்டிலும் இழுக்கிறது. டயரை இடம் வலம் மாற்றலாமா என்று கேட்டேன். ரேடியல் டயரைக் குறுக்கே மாற்றவே கூடாது என்று கடைக்காரர் சொல்லிவிட்டார்.

டீசல் தம்பி:
கடைக்காரர் சொன்னது சரி. ரேடியல் ஒரு திசையில் ஓடிப் பழகிவிட்டால் திருப்பி ஓட்டினால் உள்ளே கம்பி விட்டுவிடும். என் அப்பா லாரி ஓட்டியவர், அவர் ஒருநாளும் மாற்ற விடமாட்டார்.

ஸ்பேனர் சித்தப்பா:
உன் அப்பா மேல் மரியாதை உண்டு தம்பி. ரேடியல் புதிதாக வந்த காலத்தில் எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். இப்போது டயர் கம்பெனிக்காரனே குறுக்கே மாற்றும் படத்தைப் புத்தகத்தில் போட்டுத் தருகிறான். பக்கச்சுவரில் அம்புக்குறி போட்ட, ஒரு திசையில் மட்டும் ஓட வேண்டிய டயராக இருந்தால் அப்படியே மாற்றக்கூடாது, ரிம்மிலிருந்து கழற்றித் திருப்பி மாட்ட வேண்டும். தம்பி போட்ட படத்தில் அம்புக்குறி இல்லை. புது டயர் வேறு, பழகுவதற்கு இன்னும் எங்கே ஓடியது?

உள்ளே இருக்கும் ஸ்டீல் பெல்ட் கொஞ்சம் ஓரமாக உட்கார்ந்துவிட்டால் டயர் கூம்பு உருளுவதுபோல் ஒரு பக்கமாக உருளப் பார்க்கும். கண்ணுக்குத் தெரியாது. பேலன்சிங் மிஷினிலும் தெரியாது. மாற்றி மாட்டினால்தான் தெரியும். அதனால்தான் மாற்று மாற்று என்கிறேன்.

பாலைவன ஓட்டி:
நான் மஸ்கட்டில் இருக்கிறேன். என் வண்டியும் ஹைலக்ஸ், 2 அங்குலம் தூக்கியதுதான். வலப்பக்கம் இழுத்தது. டயரை மாற்றிப் பார்த்தேன், அப்பவும் வலப்பக்கம்தான். ஆக டயர் இல்லை. மலைநாடன் சொல்வதுதான் சரி.

ஸ்பேனர் சித்தப்பா:
நீங்கள் ரோட்டின் வலப்பக்கம் ஓட்டுகிறீர்கள். மழைநீர் வடியட்டும் என்று ரோட்டை நடுவில் உயர்த்தி ஓரத்தில் சரித்திருப்பான். உங்கள் ஊரில் அந்தச் சரிவு வலப்பக்கம், இங்கே இடப்பக்கம். காஸ்டர் குறைந்த வண்டி சரிவு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் சுலபமாகச் சாயும். காலி ரோட்டில் ஒருமுறை மற்றப் பக்கச் சரிவில் ஓட்டிப் பார்த்தீர்களா?

பாலைவன ஓட்டி:
எதிர்த்திசையில் ஓட்டிப் பார்க்கவா? போலீஸ் பிடித்தால் நீங்கள் வந்து எடுப்பீர்களா?

மலைநாடன்:
ஆக, காஸ்டர் குறைந்ததால்தான் சாய்கிறது என்று சித்தப்பாவே எழுதிவிட்டார். இதைத்தானே நான் நேற்றிலிருந்து சொல்கிறேன்.

ஸ்பேனர் சித்தப்பா:
பாதி வரியை வெட்டி எடுத்து மாலை போட்டுக்கொள்ளாதீர்கள். "ரோடு சரிந்திருந்தால்" என்பதையும் சேர்த்துப் படியுங்கள். அரை டிகிரி வித்தியாசம்தான் இழுக்கிறது என்றல்லவா நேற்று சொன்னீர்கள்? இன்று மொத்தக் காஸ்டருக்குத் தாவியாச்சு.

வன்னி டபுள்கேப்:
அண்ணை, நானும் ஒன்று சொல்லலாமோ? எங்கட டபுள் கேப் ஒன்று இப்படி இழுத்தது. ஆட்கள் எல்லாம் ரயரைத்தான் பார்த்தார்கள். கடைசியில் பார்த்தால் ஒரு பக்கப் பிறேக் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. கொஞ்சத் தூரம் பிறேக் அமத்தாமல் ஓடி, நிற்பாட்டி, இரண்டு முன் சில்லிலும் சூட்டைப் பாருங்கோ. ஒன்று மட்டும் கொதித்தால் அதுதான். லிஃப்ட் பண்ணினால் பிறேக் ஹோஸும் இழுபடும், அதையும் பாருங்கோ.

ஸ்பேனர் சித்தப்பா:
இதுதான் பேச்சு. இங்கே வேலை தெரிந்த ஒரு ஆளாவது இருக்கிறார்.

டீசல் தம்பி:
4எச் போட்டு ஓட்டிப் பாருங்களேன். நாலு வீலும் சேர்ந்து இழுத்தால் வண்டி நேராகப் போகும்.

ஸ்பேனர் சித்தப்பா:
தம்பி, தயவுசெய்து. இது பார்ட் டைம் ஃபோர் வீல் டிரைவ். முன்னும் பின்னும் வேறு வேறு வேகத்தில் சுழல விடும் டிஃப்ரென்ஷியல் நடுவில் கிடையாது. காய்ந்த தார் ரோட்டில் 4எச் போட்டு வளைத்தால் முன்னும் பின்னும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டி ஸ்டியரிங் இறுகும், உள்ளே இருக்கும் பல் தேயும். இழுப்பைக் கண்டுபிடிக்கப் போய் இழுவையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்குக் காசு கட்டாதே.

டீசல் தம்பி:
கேட்டதற்கு இவ்வளவு திட்டா? அதுசரி, வண்டியைத் தூக்கியதே சட்டப்படி தப்பு. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு. கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. நாளைக்கு எங்காவது இடித்தால் இன்ஷூரன்ஸ்காரன் என்ன சொல்வான் என்று யாராவது யோசித்தீர்களா?

மலைநாடன்:
ஆர்.டி.ஓ. ஆபீஸ் வந்துவிட்டது. உங்கள் வண்டியில் அந்த ஊதா விளக்கும் லாரி ஹாரனும் கம்பெனி கொடுத்ததா தம்பி? படம் போட்டிருந்தீர்களே.

டீசல் தம்பி:
ஹாரனும் லிஃப்டும் ஒன்றா?

கோவை 2.8:
அண்ணா, ஒரு சந்தேகம். 1 அங்குல ஸ்பேசர் என்று சொல்லித்தான் காசு வாங்கினார்கள். அளந்து பார்த்தால் 2 அங்குலம் ஏறியிருக்கிறது. ஏமாற்றிவிட்டார்களா?

ஸ்பேனர் சித்தப்பா:
இல்லை. ஸ்பிரிங் லோயர் ஆர்மின் நடுப்பக்கத்தில் உட்கார்கிறது, சக்கரம் ஆர்மின் நுனியில் இருக்கிறது. மேலே 25 மி.மீ. வைத்தால் சக்கரத்தில் ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆனால் வேலை செய்தவர் ஆர்ம் புஷ் (மூட்டில் இருக்கும் ரப்பர்) போல்ட்டுகளை எப்போது இறுக்கினார் என்று கேள். வண்டி ஜாக்கியில் தொங்கும்போதே இறுக்கியிருந்தால் ரப்பர் முறுக்கிக்கொண்டே இருக்கும். நாலு சக்கரமும் தரையில் நின்று பாரம் இறங்கிய பிறகுதான் இறுக்க வேண்டும். புஷ் முறுக்கியிருந்தால் ஒரு பக்கம் கொஞ்சம் உயரமாகவும் நிற்கும்.

மலைநாடன்:
அப்போது டயர் இல்லை, புஷ்ஷா? நேற்று டயர், மத்தியானம் பிரேக், இப்போது புஷ். ஒரு முடிவுக்கு வாருங்கள் சித்தப்பா. நான் ஒன்றே ஒன்றுதான் சொன்னேன், காஸ்டர். எண் ரிப்போர்ட்டில் இருக்கிறது.

ஸ்பேனர் சித்தப்பா:
ஒன்றே ஒன்று சொல்வதுதான் தப்பு என்கிறேன். இழுப்பு என்றால் முதலில் காற்றழுத்தம், அப்புறம் டயர் மாற்றிப் பார்ப்பது, அப்புறம் பிரேக் சூடு. பின்னால் ஸ்பிரிங் பட்டைகளைக் கோத்திருக்கும் சென்டர் போல்ட் உடைந்து ஆக்சில் நகர்ந்திருந்தால் வண்டி குறுக்காக ஓடும், ஸ்டியரிங் கோணலாக நிற்கும். ஹைட்ராலிக் ஸ்டியரிங் என்பதால் முன்பக்கத்தைத் தூக்கி நிறுத்தி இன்ஜினை ஓட விட்டு, ஸ்டியரிங் தானாகத் திரும்புகிறதா என்றும் பார்க்க வேண்டும். அத்தனைக்கும் பிறகுதான் உங்கள் அரை டிகிரி. அதற்கும் அப்பர் ஆர்ம் எதற்கு? லோயர் ஆர்மில் கேம் போல்ட் (திருப்பினால் ஆர்மை நகர்த்தும் போல்ட்) இருக்கிறதே, அதைத் திருப்பி இரண்டு பக்கத்தையும் சமமாக்கலாமே.

மலைநாடன்:
தூக்கிய வண்டியில் கேம் போல்ட் கோடியில் போய் முட்டி நிற்கும். அங்கே திருப்ப இடம் இருக்காது. அதனால்தான் அப்பர் ஆர்ம். இதுகூடத் தெரியாமலா ஸ்பேனர் பிடித்தீர்கள்? ரிப்போர்ட்டில் பாருங்கள், 1.4, 1.9.

ஸ்பேனர் சித்தப்பா:
முட்டி நிற்கிறது என்று வண்டிக்கு அடியில் போய்ப் பார்த்தீர்களா? ஊட்டியில் உட்கார்ந்துகொண்டு கோவையில் இருக்கும் போல்ட் உங்களுக்கு எப்படித் தெரிந்தது? போன வருடம் ஷாக் அப்சார்பர் விஷயத்திலும் இதே கதை. நீங்கள் கைகாட்டிய கடையில்தான் எல்லோரும் வாங்கினார்கள். இப்போது அப்பர் ஆர்மும் அதே கடையில்தான் கிடைக்குமாக்கும்.

மலைநாடன்:
கமிஷன் வாங்குகிறேன் என்கிறீர்களா? நேராகச் சொல்லுங்கள்.

ஸ்பேனர் சித்தப்பா:
நான் எதுவும் சொல்லவில்லை. கேட்டேன்.

பாலைவன ஓட்டி:
என் வண்டியில் அப்பர் ஆர்ம் மாற்றியதும் நேரானது. இதற்கு யாராவது பதில் சொல்லுங்கள்.

ஸ்பேனர் சித்தப்பா:
அப்பர் ஆர்ம் மாற்றியபோது அலைன்மென்டும் செய்தார்கள் அல்லவா? அப்போது கேம் போல்ட்டையும் திருப்பியிருப்பார்கள். எது நேராக்கியது என்று எப்படிச் சொல்வீர்கள்? தம்பி டயரையும் லிஃப்டையும் ஒரே நாளில் செய்த மாதிரிதான் இதுவும்.

பாலைவன ஓட்டி:
எதைச் சொன்னாலும் மடக்குவதற்கு ஒன்று வைத்திருக்கிறீர்கள்.

வன்னி டபுள்கேப்:
கோவைத் தம்பி, சூடு பார்த்தீங்களோ?

கோவை 2.8:
இன்னும் இல்லை அண்ணா. வண்டியை வீட்டில் அப்பா எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவருக்கு இழுப்பதே தெரியவில்லையாம், நன்றாகத்தான் போகிறது என்கிறார்.

மலைநாடன்:
அவர் காற்று குறைத்து ஓட்டுகிறாரா என்று கேளுங்கள். சித்தப்பா அடுத்து அதைத்தான் சொல்வார்.

ஸ்பேனர் சித்தப்பா:
சொல்வேன். இரண்டு முன் டயரிலும் ஒரே அழுத்தமா என்று இதுவரை ஒருத்தரும் கேட்கவில்லையே. அந்த 1.4, 1.9 எடுத்தபோது காற்று எவ்வளவு இருந்தது தம்பி? டேங்க் நிறைய டீசல் இருந்ததா, பின்னால் ஏதாவது பாரம் இருந்ததா?

மலைநாடன்:
காற்று குறைந்தால் காஸ்டர் அரை டிகிரி மாறுமா?

ஸ்பேனர் சித்தப்பா:
அரை டிகிரியை விடமாட்டீர்களா ஐயா நீங்கள்?

மலைநாடன்:
நீங்கள் டயரை விடுங்கள், நான் விடுகிறேன்.

டீசல் தம்பி:
லாரி ஹாரன் பற்றி மலைநாடன் சொன்னதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. அது லாரி ஹாரன் இல்லை.